கழுவக் கூடாத பஞ்சு

தசரதன் செங்கம் ரோட்டில் பஸ் ஓட்டியவர். எண்பத்து மூன்றாம் வருஷம் ஆடி மாதத்தில் ஒரு காலை, பல் விளக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்தார். வலது கையும் காலும் விழுந்துபோயின. பேச்சும் போனது. எழுதிக் காட்டச் சொன்னால் இடது கையில் கோணல் கோடுதான் வந்தது.

அதன்பிறகு அவர் முகம் திருப்பிப் பார்த்தது கட்டிலுக்கு எதிரே இருந்த மீன் தொட்டியை மட்டும்தான். ஆசைப்பட்டு வேலூரில் வாங்கியது. உள்ளே ஏஞ்சல் மீன்கள், ஒரு கௌராமி. மூலையில் காற்று மோட்டார் வைத்துத் தண்ணீரை வடிகட்டும் பில்டர். அதற்குள் கறுத்துப்போன பஞ்சு. எல்லாம் அவர் கைப்பட நடந்தது. மனைவி உண்ணாமலை அதைத் தொட்டதே இல்லை. இப்போது தீனி போடுவது மட்டும் அவள் வேலை. மீன்கள் மேலே வந்து கொத்தும்போது அவர் வாயோரம் லேசாக அசையும். அதைப் பார்ப்பதற்காகவே ஒரு சிட்டிகை கூடப் போடுவாள்.

கார்த்திகை தீபம் நெருங்கியது. அடி அண்ணாமலையிலிருந்து தசரதனின் அக்கா மணியம்மாள் வந்தாள். வந்ததும் மூக்கைச் சுளித்தாள்.

"சீக்காளி படுத்திருக்கிற ரூம்ல இன்னா இது, பாசி புடிச்ச தண்ணி? கழுவி வெச்சா இன்னா?"

உண்ணாமலைக்கு வெட்கமாகிவிட்டது. மீன்களைக் குண்டானில் விட்டாள். தொட்டியடியில் கிடந்த கல்லையெல்லாம் அள்ளி அலசினாள். பஞ்சைக் குழாயடியில் கசக்கிக் கசக்கி, கறுப்பு போகும்வரை பிழிந்தாள். திருவிழாக் கூட்டத்துக்காகக் குழாய்த் தண்ணீரில் பிளீச்சிங் பவுடர் தூக்கலாக இருந்த நேரம். வாடை கண்ணைக் கரித்தது. சுத்தத்துக்கு நல்லதுதானே என்று நினைத்தாள்.

தசரதன் கத்தினார். வார்த்தை இல்லாத கத்தல். இடது கையால் கட்டில் சட்டத்தை ஓங்கி ஓங்கி அடித்தார்.

"ஒடைக்க மாட்டேங்க, பயப்படாதீங்க" என்றாள். அவர் கண்ணில் வழிந்ததைத் துடைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தாள்.

தொட்டி பளபளத்தது. மறுநாளே மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து தவித்தன. ஒரு ஏஞ்சல் செத்து மிதந்தது. பயந்துபோய் முழுத் தண்ணீரையும் மாற்றினாள். இன்னும் செத்தன. மறுபடி பஞ்சைக் கழுவினாள், கல்லைக் கழுவினாள். கழுவக் கழுவச் செத்தன. தசரதன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். கஞ்சியை ஊட்டினால் விழுங்கவில்லை, வாயோரமாக வழியவிட்டார்.

"நான் இன்னாங்க தப்பு பண்ணேன்? சொல்லுங்களேன்!" என்று அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள். யாரிடம் என்ன கேட்கிறோம் என்று உறைத்ததும் வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்கு ஓடினாள்.

தீபத்தன்று காலை, மணியம்மாளைக் காவல் வைத்துவிட்டு வேலூருக்குப் பஸ் ஏறினாள்.

"ஊரே இங்க வருது, மீனுக்காக நீ அங்க போறியா?" என்று மணியம்மாள் கத்தினாள். உண்ணாமலை திரும்பிப் பார்க்கவில்லை. எதிரே வந்த பஸ்களில் கூரைவரை ஜனம். அவள் ஏறிய பஸ் காலியாக ஓடியது.

மீன் கடைக்காரர் சக்கரபாணி எல்லாவற்றையும் கேட்டார். "பஞ்சைக் கழுவிட்டீங்களாம்மா?" என்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

"தண்ணி பாக்கத்தான் சுத்தமா இருக்கும். மீன் கழிக்கிறது அதுலயே அமோனியாவா நிக்கும், விஷம். அதைத் தின்னுற கிருமிங்க அந்தப் பஞ்சுலயும் கல்லுலயும்தான் குடியிருக்குது. பிளீச்சிங் தண்ணி பட்டா அத்தனையும் செத்துடும். உங்க ஊட்டுக்காரருக்கு இது நல்லாத் தெரியுமே!"

கட்டில் சட்டத்தில் அடித்த கை அவள் கண்முன் வந்தது. கடை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

சக்கரபாணி தன் தொட்டியிலிருந்த வழவழத்த பஞ்சு ஒன்றை எடுத்து, அந்தத் தண்ணீரோடு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டிக் கொடுத்தார். "இது காயக் கூடாது. தீனி கம்மி பண்ணுங்க. குழாத் தண்ணிய ஒரு நாள் பூரா வெயில்ல வெச்சிட்டு, கொஞ்சம் கொஞ்சமா மாத்துங்க. சீக்கிரம் போங்கம்மா."

திரும்பும் பஸ்ஸில் நிற்கவும் இடமில்லை. ஊருக்கு வெளியிலேயே இறக்கிவிட்டார்கள். பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கூட்டத்துக்குள் முட்டி மோதி நடந்தாள். யாருடைய முழங்கையோ இடித்துப் பை ஒழுகத் தொடங்கியது. ஓட்டையை விரலால் அழுத்திப் பிடித்தாள். அப்போது மலை உச்சியில் தீபம் எரிந்தது. "அரோகரா!" என்று அத்தனை கைகளும் உயர்ந்தன. அவளால் கை தூக்க முடியவில்லை. "காப்பாத்துப்பா" என்று மட்டும் வாய்க்குள் முனகினாள்.

வீட்டில் ஒரு ஏஞ்சலும் கௌராமியும்தான் மிச்சம். பையைத் தசரதனின் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"கழுவாதேன்னுதானே கத்தினீங்க? எனக்குப் புரியாமப் போச்சேங்க."

தசரதன் வெகுநேரம் அந்தப் பஞ்சையே பார்த்தார். பிறகு கண்ணை ஒருமுறை மூடித் திறந்தார். இடது கை வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தது. பஞ்சைப் பில்டருக்குள் வைத்துவிட்டு வந்து ஊட்டினாள். அன்று நாலு வாய் கஞ்சி இறங்கியது.

ஏஞ்சல் பிழைக்கவில்லை. கௌராமி பிழைத்தது. தசரதன் அதற்குப்பிறகு இரண்டு மழைக்காலம் கண்டார். ஒரு வார்த்தைகூட அவருக்குத் திரும்ப வரவில்லை. ஆனால் தொட்டியருகே போகும்போதெல்லாம் உண்ணாமலை கேட்பாள்: "தண்ணி மாத்தட்டுங்களா?" கண்ணை மூடித் திறந்தால் சரி என்று அர்த்தம். வேண்டாம் என்று தலையை ஆட்டினால், எடுத்த வாளியை அங்கேயே வைத்துவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள்.