மார்கழியில் நடக்காத இறுதி ஆட்டம்

சங்கரன் அண்ணாச்சி இறந்த செய்தி வந்தபோது பாளையங்கோட்டைப் பேருந்தில் நின்றுகொண்டிருந்தேன். கூப்பிட்டவன் நம் காஜா. "ஏலே, அண்ணாச்சி போயிட்டாவ" என்றான். இறங்க வேண்டிய நிறுத்தம் தாண்டிப் போனதுகூடத் தெரியாமல் நின்றிருந்தேன்.

இதை நம் அணிக்காரர்களுக்காக மட்டும் எழுதுகிறேன். 'பொருநை ஐவர்' என்று ஓர் உள்ளரங்கக் கால்பந்து அணி திருநெல்வேலியில் இருந்தது என்றால் இன்று யாரும் நம்ப மாட்டார்கள். பிறந்த வேகத்திலேயே மறைந்த அணி அது. அதைத் தொடங்கியவர், தலைவர், கோல் கீப்பர், தண்ணீர்ப் பாட்டில் நிரப்பி வைப்பவர் எல்லாமே அண்ணாச்சிதான்.

தச்சநல்லூரில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு அவர் மேலாளர். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் கிடையாது, மண்டபம் சும்மாதான் கிடக்கும். "பூட்டிப் போட்டா எலிதான் குடியிருக்கும், அதுக்கு நாம பந்து உருட்டுவோமே" என்று முதலாளியிடம் பேசிச் சம்மதிக்க வைத்தார். மணமேடை ஒரு பக்கத்து கோலுக்குப் பின்சுவர். பந்தியில் சிந்திய எண்ணெய் மொசைக் தரையில் எங்கெங்கே ஊறியிருக்கிறது என்பது நமக்கு மட்டும் தெரியும். வெளியூர் அணிகள் வழுக்கி விழும்போது அண்ணாச்சி ஓடிப்போய்த் தூக்கிவிடுவார். நமக்கு அது சாதகம் என்று நான் முணுமுணுத்தால், "விழுந்தவனத் தூக்கிட்டு கோல் போடு வே, அதுதான் கணக்கு" என்பார். எனக்கு அந்தக் கணக்கு கடைசிவரை பிடிபடவில்லை.

பயிற்சிக்குத் தாமதமாக வந்தால் திட்ட மாட்டார். வந்தவன் கையில் துடைப்பத்தைக் கொடுப்பார். அலுவலகத்திலிருந்து நேராக, இஸ்திரி கலையாத சட்டையோடு மண்டபத்தைக் கூட்டியவர்களில் நானும் ஒருவன். எரிச்சலாகத்தான் இருக்கும். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது.

தென்மாவட்டத்தில் சில ஊர்கள் சேர்ந்து நடத்திய சின்ன லீக்கில் ஆடினோம். இரண்டாம் வருடம் நாம் இறுதி ஆட்டத்துக்குப் போனோம். தூத்துக்குடி அணியோடு, நம் மண்டபத்திலேயே, கிறிஸ்துமஸ் முடிந்த வாரத்தில். அணியின் செலவை ஏற்றிருந்த சிமெண்ட் வியாபாரி, இந்த ஆட்டம் ஊரறிய நடந்தால்தான் அடுத்த வருடமும் துணை நிற்பேன் என்று சொல்லியிருந்தார். ஆட்டம் நடந்தால் அணி உண்டு, நடக்காவிட்டால் இல்லை.

அந்த வாரத்தில்தான் அண்ணாச்சி நம்மை உட்காரவைத்துச் சொன்னார். ஞானராஜ் சார் மகள் கல்யாண வரவேற்பு அதே நாள், அதே மண்டபம். பாளையங்கோட்டையில் பள்ளி ஆசிரியராக இருந்த சார், பல மாதங்களுக்கு முன் வந்து கேட்டபோது, "மார்கழிதானே, எந்த நாள் வேணும்னாலும் எடுத்துக்கிடுங்க" என்று வாக்குக் கொடுத்தவர் அண்ணாச்சி. பதிவேட்டில் குறிக்காமல் அதை மறந்துபோய், பிறகு அதே மார்கழியை நம்பி லீக்காரர்களுக்கும் அதே நாளைக் கொடுத்துவிட்டார். மார்கழியில் யார் கல்யாணம் வைப்பார்கள் என்ற நினைப்பு அவர் ரத்தத்தில் ஊறியது. வெளியூரில் வேலை பார்க்கும் கிறிஸ்தவப் பிள்ளைகள் பண்டிகைக்கு ஊர் வரும் அந்த வாரத்தில்தான் பாளையங்கோட்டையில் கல்யாணங்கள் குவியும். சர்ச் மணி கேட்டே வளர்ந்த நம்மில் ஒருவருக்கும் அது உறைக்கவில்லை.

வேறு மண்டபம் தேடினோம். எல்லாவற்றிலும் கல்யாணம். தேதியை மாற்ற லீக்காரர்கள் சம்மதிக்கவில்லை; ஆடக் களம் தராத அணி தோற்ற அணி என்பது லீக்கின் விதி.

"நான் சார்கிட்டப் போய்ப் பேசுதேன், மறுநாள் வச்சுக்கிடச் சொல்லுதேன்" என்று காஜா எழுந்தான்.

அண்ணாச்சி குரல் உயர்த்தி நான் கேட்டது அன்று ஒருநாள்தான். "ஒருத்தனும் அந்த வீட்டு வாசல மிதிக்கப்பிடாது! கல்யாண வீட்டுல போயி பந்துப் பேச்சா? அந்தப் பிள்ள காதுல விழுந்தா மேடையில எப்படிலே சிரிச்சு நிக்கும்?"

"அப்ப நம்ம அணி?" என்று கேட்டேன்.

"தப்பு எம்மேல. அத அவுக தலையில ஏத்த முடியாதுல்லா" என்றார்.

கோல் கம்பங்களை அவரே கழற்றினார். நம்மில் பாதிப்பேர் உதவிக்குப் போகவில்லை. வரவேற்பு அமோகமாக நடந்தது. அண்ணாச்சி வாசலில் நின்று வந்தவர்களை இரண்டு கையும் கூப்பி அழைத்தார். இந்த மனிதருக்கு வலிக்கவே இல்லையா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. அதோடு அணி கலைந்தது.

போன மாதம் ஆஸ்பத்திரியில் அவரைப் பார்க்கப் போனேன். ஆள் பாதியாகிப் போயிருந்தார். "அன்னைக்கு வெளையாடியிருந்தா ஜெயிச்சிருப்போமா வே?" என்று தானாகவே கேட்டார்.

"கண்டிப்பா ஜெயிச்சிருப்போம் அண்ணாச்சி."

"பொய் சொல்லாத. தூத்துக்குடிக்காரன் நம்மள வறுத்து எடுத்திருப்பான்." சிரித்தார். சற்றுக் கழித்து முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, "ஆனாலும் ஒரே ஒரு தடவ ஃபைனல்ல நின்னு பாத்திருக்கணும். அதுக்குத்தான் அந்த அணியவே ஆரம்பிச்சேன்" என்றார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

எரியூட்டல் முடிந்து ஆற்றில் குளித்துக் கரையேறியபோது, தலை முழுக்க நரைத்த பெரியவர் ஒருவர் என் பக்கத்தில் வந்து நின்றார். ஞானராஜ் சார். மகள் இப்போது வெளிநாட்டில் இருக்கிறாளாம். செய்தி கேட்டுப் போனிலேயே அழுதாளாம். "என் மக கல்யாணத்த அவர் வீட்டுக் கல்யாணம் மாதிரி நடத்திக் குடுத்தார் தம்பி" என்றவர், என்னை உற்றுப் பார்த்தார்.

"நீங்க அவர்கூடப் பந்து விளையாடுனவங்கதானே? நல்ல டீம்னு சொல்லுவாங்களே. ஏன் நிறுத்திட்டீங்க?"

இத்தனை வருடம் ஒரே ஊரில் இருந்தும் அண்ணாச்சி அவரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை.

"அவனவனுக்கு வேலை, குடும்பம்னு ஆயிட்டு சார்" என்றேன்.

நான் அண்ணாச்சியிடமிருந்து எடுத்து வைத்துக்கொண்டது இதுதான். சாருக்கும் அந்தப் பெண்ணுக்கும் இது ஒருநாளும் தெரிய வேண்டாம். நம் அணிக்கு இனி மிச்சமிருக்கும் ஆட்டம் இது ஒன்றே, இதையாவது நாம் தோற்காமல் இருப்போம்.