குறுக்குக் காற்று

நெகோத்தின் என்ற ஊரின் சனங்களைப் பொறுத்தவரை சாவு இரண்டு ஜன்னல்களுக்கு நடுவில்தான் குடியிருக்கிறது. எதிரும் புதிருமாக இரண்டைத் திறந்துவிட்டால் போதும், அந்தக் குறுக்குக் காற்று பல்வலியிலிருந்து பக்கவாதம் வரை எல்லாவற்றையும் கொண்டுவந்துவிடுமாம். இதில் படித்தவன் படிக்காதவன் என்ற பேதமே கிடையாது. எல்லோருமாகச் சேர்ந்துதான் புத்தியை அடகு வைத்திருந்தார்கள்.

ஆகவே, சந்தையில் பாலாடைக்கட்டி விற்கும் ஸ்டாமென்காவுக்கு இடது காது மந்தமாகி, உள்ளே ஓயாமல் இரைச்சல் கேட்டபோது யாரும் யோசிக்கவே இல்லை. காற்று புகுந்துவிட்டது, அவ்வளவுதான். ஸ்டாமென்காவின் புருஷன் செத்தபின் அந்த வீட்டில் அதிகாரம் செய்துவந்த நாத்தனார் லெபோசாவா, பிளம் சாராயத்தில் பஞ்சை நனைத்துக் காதில் திணித்தாள். கோடையிலும் தலையில் கம்பளித் துண்டு. இடப்பக்கம் நின்று விலை கேட்டவர்களுக்குப் பதில் வராததால் திமிர்பிடித்தவள் என்ற பட்டம் வேறு. இந்தக் கூத்து இரண்டு வருஷம் நடந்தது. நடை தள்ளாட ஆரம்பித்த பிறகு அவளே பஸ் ஏறி பெல்கிரேடுக்குப் போய் ஸ்கேன் எடுத்துக்கொண்டாள்.

காது நரம்பில் கட்டி. அபூர்வமானது, புற்றுநோய் அல்ல, மெதுவாகத்தான் வளரும் என்றார் டாக்டர். ஆனால் மூளையை அழுத்துவதற்குள் எடுத்துவிடுவது நல்லது. போன காது திரும்பாது. முகம் ஒரு பக்கம் கோணினாலும் கோணலாம். யோசித்துச் சொல்லச் சொன்னார். ஸ்டாமென்கா பயந்துபோனாள். இதைத் தாண்டிவந்த ஒரே ஒரு ஆளோடு பேசினால் போதும் என்றிருந்தது.

வந்ததோ ஊர். நோயாளியைப் பார்க்கக் காப்பிப்பொடி பொட்டலத்தோடு போவது அங்கே முறை. கொண்டுவந்த பொடியையே போட்டுத் தரச் சொல்லிக் குடித்தார்கள். ஜன்னல்களை இறுகச் சாத்திவிட்டு, மண்டையில் கத்தி வைத்துச் செத்தவர்களை ஒவ்வொருவராக நினைவுகூர்ந்தார்கள். காப்பி போட்டது நோயாளிதான்.

"புத்துநோய் இல்லேன்னு டாக்டரே சொல்லிட்டாரு, அப்புறம் எதுக்குடி மண்டையத் தொறக்கணும்? பேசாம பஞ்சை வெச்சுக்கிட்டுக் கெட" என்றாள் லெபோசாவா.

வேண்டாமென்று சொல்லிவிடலாமா என்று ஸ்டாமென்காவும் நினைக்கத் தொடங்கியிருந்தாள்.

அப்போதுதான் மீன்கடை ரத்தோமிர் வந்தார். கால் தள்ளாடும், வாய் ஒரு பக்கம் இழுத்திருக்கும். ஊரே குடிகாரன் என்று ஒதுக்கிய ஆள். ஸ்டாமென்காவும் அவர் கடைப்பக்கம் மூக்கைச் சுளித்துக்கொண்டுதான் போயிருக்கிறாள். லெபோசாவா நக்கலாகச் சாராயக் கோப்பையை நீட்டினாள். அவர் அதை மேசையில் வைத்துவிட்டு, ஸ்டாமென்காவின் வலப்பக்கம் போய் உட்கார்ந்தார். இத்தனை பேரில் அந்தப் பக்கம் உட்காரத் தோன்றியது அவருக்கு மட்டும்தான்.

"எனக்கும் இதே கட்டிதாம்மா. எடுத்து ரொம்ப வருஷமாச்சு."

"அப்ப குடிக்கிறீங்கன்னு சொன்னதெல்லாம், அண்ணே..."

"ஒரு சொட்டு தொட்டதில்ல. குடிகாரன்னா இவங்களுக்குப் புரியுது. மண்டைக்குள்ள கட்டின்னு சொல்லியிருந்தா எங்கிட்ட மீன் வாங்கவே பயந்திருப்பாங்க."

அவளுக்கு வெட்கமாகப் போயிற்று. கேட்காமலும் இருக்க முடியவில்லை. "என் மூஞ்சியும் இப்படி ஆயிடுமா?"

"ஆனாலும் ஆகலாம். நான் காத்து, காத்துன்னு பஞ்சை வெச்சே காலத்தை ஓட்டிட்டேன். எலுமிச்சங்காய் அளவு வளர்ந்துபோச்சு. உன்னது சின்னது. இப்பவே போ. நான் கூட வரேன்."

அறை புழுங்கியது. ரத்தோமிர் எழுந்து இரண்டு ஜன்னல்களையும் விரியத் திறந்தார். காப்பியைப் பாதியில் போட்டுவிட்டு, கழுத்தைப் பொத்திக்கொண்டு கூட்டம் மொத்தமும் தெருவுக்கு ஓடியது. எல்லோருக்கும் முன்னால் ஓடியது லெபோசாவா.

ஸ்டாமென்கா காதிலிருந்த பஞ்சைப் பிடுங்கி எறிந்தாள். அந்தக் காற்றிலேயே உட்கார்ந்து, போனை வலது காதில் வைத்து, டாக்டரிடம் தேதி கேட்டாள்.