மல்லாட்டை மிஷினும் எங்கள் அண்ணனும்

பாகூரை அடுத்த சிற்றூரில் தலைப்பிள்ளையாகப் பிறந்த எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு ஆகிறது. அவரைப் பற்றி நாலு வார்த்தை எழுதச் சொன்னார்கள். எனக்கு வயிற்றெரிச்சல்தான் வருகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பா போன பிறகு அம்மாவும் நானும் கூலிக்கு மல்லாட்டை உடைத்தோம். வெளியூரார் நிலக்கடலை என்பார்களே, அதுதான். நகக்கண்ணில் ரத்தம் கசிய நாங்கள் சோறு பிசைந்தால் அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொள்வார். தச்சு வேலை முடித்து வந்து, மரத்தோடும் தகரத்தோடும் மல்லுக்கட்டினார். ஒருநாள் தான் செய்த மிஷினின் கைப்பிடியைச் சுற்றினார். ஓடு தனியே, பருப்பு உடையாமல் தனியே விழுந்தது. அம்மா அழுதுவிட்டார்.

கடலூர் வக்கீல் ஒருவர் மூலம் காப்புரிமைக்குத் தற்காலிக விண்ணப்பம் கல்கத்தாவுக்குப் போனது. வக்கீல் தெளிவாகவே சொன்னார்: "இது பஸ்ஸுல துண்டு போட்டு எடம் புடிக்கிற மாதிரிப்பா. கெடு முடியறதுக்குள்ள, மிஷினு எப்டி வேலை செய்யுதுன்னு ஒண்ணு விடாம எழுதி, படத்தோட முழு விண்ணப்பம் குடுக்கணும். அப்பதான் நீ குந்துன மாதிரி."

அண்ணன் கேட்டாரா? நான் நச்சரித்தால் சிரிப்பார். "போடி பைத்தியக்காரி! பிரெஞ்சுக்காரன் போனதுலேர்ந்து நம்ம சர்க்காரே தற்காலிகமாத்தான் நடக்குது. கோர்ட்டு நடக்கல? இஸ்கூலு நடக்கல?" அப்போது எங்கள் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். தற்காலிகம் என்றால் தானாக ஓடும் என்று பழகிவிட்டோம்.

அந்தத் தெம்பில் வில்லியனூர்ச் சந்தையில் எல்லோருக்கும் மிஷினைச் சுற்றிக் காட்டினார். கெடு கடந்தது. அடுத்த அறுவடைக்குள் தவளக்குப்பம் வியாபாரி ஒருவர் அதையே இரும்பில் செய்து விற்றார். அண்ணன் வக்கீலிடம் ஓடினார். "விண்ணப்பம் காலாவதியாயிடுச்சு. ஊருக்கே காட்டிட்ட, இனிமே புதுசாவும் கேக்க முடியாதுப்பா" என்றார். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை.

அதன்பின் அண்ணன் உளியைத் தொடவில்லை. சோறு இறங்கவில்லை. காய்ச்சலில் படுத்தவர் எழவே இல்லை. "துண்டு போட்டேன்டி, குந்தத்தான் போவல" என்றதே கடைசிப் பேச்சு. பிரெஞ்சுக்காரர்கள் ஒப்பந்தத்தை உறுதிசெய்ததில், இந்த ஆண்டு சர்க்காரும் நிரந்தரமாகிவிட்டது. அதைப் பார்க்க அண்ணன் இல்லை.

பாடை தூக்கிய பங்காளிகளுக்கும், கட்டணம் வாங்காத வக்கீல் ஐயாவுக்கும், கூட அழுத கூலிக்காரப் பெண்களுக்கும் எங்கள் நன்றி. அவர்களில் ஒருத்தி அந்த இரும்பு மிஷினில் மல்லாட்டை உடைத்துப் பிழைப்பவள். என்னைக் கட்டிக்கொண்டு கேட்டாள்: "உங்க அண்ணன் இன்னா வேலை செஞ்சாரு, அக்கா?"

அவள் விரல்களைப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை.

"தச்சு வேலை" என்றேன்.