நான் ஊன்றிய குச்சி

கோட்டைக்குப்பத்தில் ஏரியில் வலை போட்டுப் பிழைப்பவன் நான். தொழிலுக்குப் போகாத நாட்களில் பழைய கேமராவோடு பறவைகளைப் படம் எடுப்பேன்.

போன கோடையில் ஏரியோரப் புல்வெளியில் ஓர் ஆள்காட்டிக் குருவி வெறுந்தரையில் நான்கு முட்டை இட்டிருந்தது. பார்க்கக் கூழாங்கல் போலவே இருந்ததால், மறுபடி வந்தால் இடம் தெரியாது. ஏரியில் வலை போட்ட இடத்தில் குச்சி நட்டு அடையாளம் வைப்போம். அதே பழக்கத்தில் முட்டைகளுக்குப் பக்கத்தில் ஒரு குச்சியை ஊன்றினேன். தள்ளிப் போய் நின்றதும் குருவி திரும்பி வந்து உட்கார்ந்தது. ஒரு படம் எடுத்தேன்.

மறுநாள் காலையில் மனைவியையும் கூட்டிக்கொண்டு போனேன். குச்சியின் உச்சியில் காக்கை உட்கார்ந்திருந்தது. கீழே உடைந்த ஓடுகள்தான் கிடந்தன. குருவி எங்கள் தலைக்கு மேல் கத்திக் கத்திச் சுற்றியது.

"இங்க காக்கா குந்த ஒரு மரங்கூட இல்லியே. நீதான்யா குந்த வச்சிட்ட" என்றாள் அவள்.

குச்சியைப் பிடுங்கி எறிந்து என்ன பயன்? மூன்று நாள் அந்த இடத்தையே சுற்றிய குருவி, பிறகு வரவேயில்லை.

இப்போது கோடையில் புல்வெளிப் பக்கமே போவதில்லை. அந்தப் படத்தையும் யாருக்கும் காட்டுவதில்லை. அதில் குருவி நிம்மதியாக அடைகாக்கிறது. பக்கத்தில் என் குச்சி நிற்கிறது.