ஆழ்வாப்பிள்ளையின் நாலு மணி

மூன்றரை மணியானதும் ஆழ்வாப்பிள்ளை கிணற்றடிக் கொடியிலிருந்து துணிகளை எடுக்கத் தொடங்கிவிடுவார். காய்ந்தது காயாதது என்று பார்ப்பதில்லை. மனைவியின் சேலை, தன்னுடைய சாரம், தலையணை உறை எல்லாவற்றையும் தோளில் போட்டுக்கொண்டு வந்து விறாந்தைக் கதிரையில் குவிப்பார். பிறகு கொடியை ஒரு பழந்துணியால் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை துடைப்பார். அது செப்புக் கம்பி. முப்பத்துமூன்று அடி, ஓரங்குலம் கூடாது, குறையாது. அதன் நடுவிலிருந்து ஒரு மெல்லிய வயர் இறங்கி அறை யன்னலுக்குள் போகிறது.

"ஈரச் சீலையை உதிலை போடாதையும் எண்டு எத்தினை தரம் சொல்லிப்போட்டன்."

"பின்னை உங்கட தலையிலையே காயப்போடுறது?" என்று குசினிக்குள்ளிருந்து மீனாம்பிகை கேட்பார்.

உண்மையில் துணி போடச் சொன்னவரே ஆழ்வாப்பிள்ளைதான். துணி தொங்கினால் அது கொடி. தொங்காவிட்டால் ஏரியல். ஆயிரத்துத் தொளாயிரத்து எண்பத்தாறில், ஊர்காவற்றுறையில், ஒரு வீட்டு வளவில் ஏரியல் நிற்பது நல்லதல்ல.

கொழும்புத் தந்திக் கந்தோரில் முப்பத்தொரு வருடம் இருந்தவர். எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்துக்குப் பிறகு ஒரு சூட்கேசோடும் வானொலிப் பெட்டிகள் இரண்டோடும் ஊருக்கு வந்தார். பொழுதுபோக்கு வானொலிக்காரர் என்று அரசாங்கம் கொடுத்த அனுமதிப் பத்திரம் அவரிடம் இருந்தது. அடுத்த வருடம் அந்த அனுமதி போயிற்று. அனுப்பும் பெட்டியைத் தானே சைக்கிளில் கட்டிக்கொண்டு போய்ப் பொலிசில் ஒப்படைத்துவிட்டு வந்தார். கேட்கும் பெட்டி மட்டும் மிஞ்சியது. "வாயைக் கட்டிப்போட்டு, காதை விட்டிருக்கினம்" என்பார். அதற்குமேல் அதைப்பற்றி ஒரு சொல் பேசமாட்டார்.

எதைப்பற்றியுமே அவர் அதிகம் பேசுவதில்லை. சொல்லுக்குச் சொல் எண்ணிக் கதைத்துப் பழகியவர். பக்கத்து வளவுக்காரி ஆடு தொலைந்த கதையை அழுது அழுது சொல்லிக்கொண்டிருந்தபோது, "ஆடு. எப்ப. எந்தப் பக்கம்?" என்று கேட்டு அவளைத் திகைக்க வைத்தவர். சாப்பிடும்போதும் இடது கை விரல் பலகையில் தட்டிக்கொண்டேயிருக்கும், தந்தியில் அனுப்புகிற குட்டைத் தட்டும் நீளத் தட்டுமாக. "சோத்துக்கு முன்னாலையாவது கையைச் சும்மா வையுங்கோ" என்று மீனாம்பிகை சொன்னால் ஒரு நிமிடம் நிற்கும். பிறகு தொடங்கும்.

அந்தத் தட்டை அவர் தன் ஒரே மகனுக்கும் பழக்கியிருந்தார். மகன் தியாகலிங்கம் எண்ணெய்க் கப்பல் ஒன்றில் வானொலி அதிகாரி. பாரசீகக் குடாவுக்கும் வெளிக்கடலுக்குமாகப் போய்வரும் கப்பல். வேலை முடிந்த நேரத்தில் தன் சொந்தப் பொழுதுபோக்கு அனுமதியில், எங்கள் நேரம் நாலு மணிக்கு, அலைவரிசையில் குறிப்பிட்ட ஓரிடத்தில் நின்று பொது அழைப்பு ஒன்றை விடுவான். "யாராவது இருக்கிறீர்களா?" என்பதற்கு மேல் அதில் எதுவும் இராது. தகப்பனின் பெயரோ ஊரோ சொன்னால் அவருக்குத்தான் ஆபத்து. மூன்று தரம் அழைப்பான். பிறகு பதிலுக்குக் காத்திருப்பதுபோல இரண்டு நிமிடம் சும்மா இருப்பான்.

ஆனால் தந்திக்காரனுக்குத் தந்திக்காரனின் கை தெரியும். கடைசி நீளத் தட்டைத் தியாகலிங்கம் எப்போதும் கொஞ்சம் இழுப்பான்; எழுந்து போக மனமில்லாதவன் வாசலில் நிற்கிற மாதிரி. அந்த இழுப்பிலேயே பெடியனுக்குத் தடிமன் காய்ச்சலா, நித்திரை முழிப்பா, சந்தோசமா என்று ஆழ்வாப்பிள்ளை கண்டுபிடித்துவிடுவார். அந்த இரண்டு நிமிட மௌனத்தில் அவருடைய விரல் மேசையில் தட்டும்: இருக்கிறன், இருக்கிறன். அதை அனுப்ப ஒரு வழியும் இல்லை. விரல் மட்டும் தட்டும்.

"என்ன சொன்னவன்?" என்று வாசலில் நின்று மீனாம்பிகை கேட்பார்.

"சுகமாம்."

"வேறை?"

"உம்மைக் கேட்டவனாம்."

அந்த வருடம் தை மாதம், அவர் வளவிலிருந்து அறுநூறு அடி தள்ளி, கரையோரத்துப் பழைய பண்டகசாலை ஒன்றில் கடற்படை முகாம் போட்டது. மூன்றாம் நாள் ஒரு கோபுரம் எழும்பியது. நாலாம் நாள், நாலு மணி கழிந்து மூன்று நிமிடம், மகனுடைய இரண்டாவது அழைப்பு பாதியில் நிற்கும்போது, காதுக்குள் ஒரு அடி விழுந்தது. பிறகு ஒன்றுமில்லை. பெட்டியின் சின்ன விளக்கு எரிந்துகொண்டேயிருந்தது. பெட்டி செவிடாகிவிட்டது.

முகாமின் வலுவான அலை அவருடைய கொடிக்குள் இறங்கி, பெட்டியின் வாசலில் இருந்த சின்னஞ்சிறு றான்சிஸ்ரரை எரித்துவிட்டிருந்தது. பழைய றேடியோ ஒன்றைக் கொத்தி வேறொன்றை எடுத்துப் போட்டார். இந்தத் தரம் வாசலில் காவலும் வைத்தார். நெல்லளவு டையோட் இரண்டை ஒன்றுக்கொன்று தலைகீழாக, வயருக்கும் நிலத்துக்கும் நடுவே சோல்டர் பிடித்தார்.

"உது என்னத்துக்கு?" என்றார் மீனாம்பிகை.

"வெள்ளம் கூடினால் வரம்பை வெட்டி வெளியாலை விடுறேல்லையே? அதுதான்."

பெட்டி பிழைத்தது. மகனைத்தான் காணவில்லை. தினமும் நாலு மணியளவிலேயே முகாமும் வாயைத் திறக்கும்; திறந்தவுடன் அந்த இரண்டு டையோட்டுகளும் முகாம் வானொலிக்காரனின் குரலைப் பிய்த்து முழு அலைவரிசைக்கும் விசிறின. எங்கே திருப்பினாலும் அவன்தான். ஒரு இளம் ஆளுடைய கிழிந்த கத்தல்.

"என்ன கத்துறான் உவன்?"

கொழும்பில் இருந்த ஆழ்வாப்பிள்ளைக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும். காதுகவியைக் கழற்றாமலே சொன்னார்: "வீட்டுக் கடிதம் வந்ததோ எண்டு கேக்கிறான்."

மீனாம்பிகை அதற்குப் பிறகு அவனைத் திட்டுவதைக் குறைத்துக்கொண்டார்.

வைகாசியில் ஒருநாள் முற்பகல், அடுத்த ஒழுங்கை லியோன் படலையடியில் வந்து நின்றான். அவனும் கப்பல்காரன், லீவில் வந்திருந்தான். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை. குசினிப் பக்கம் ஒருதரம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"அண்ணை, தியாகலிங்கத்தின்ரை கப்பலுக்கு மாசியிலை, குடாச் சண்டையிலை அடி விழுந்ததாம். துபாயிலை கேள்விப்பட்டனான். எரிஞ்சதாம். ஆக்களைப் பற்றி ஒருத்தருக்கும் சரியாத் தெரியாது."

"எத்தினையாம் திகதி?"

"பதினெட்டோ பத்தொன்பதோ… நான் பிழையாக் கேட்டிருக்கவும் கூடும், அண்ணை."

"இவவுக்குச் சொல்ல வேண்டாம்" என்றார் ஆழ்வாப்பிள்ளை. மூன்று சொல். கப்பல் கொம்பனிக்கு அவர் போட்ட கடிதங்கள் இரண்டுக்கும் பதில் வரவில்லை என்பதை லியோனுக்கும் சொல்லவில்லை. மகனிடமிருந்து கடைசிக் கடிதம் மார்கழியில் வந்தது. "நடுக்கடலிலை எங்கை தபால்கந்தோர்?" என்று மீனாம்பிகை தானே கேட்டுத் தானே ஆறிக்கொண்டிருந்தார்.

அன்றைக்குத்தான் முகாமின் இரைச்சலை வடிகட்ட ஒரு தகரப் பேணியில் அவர் வேலை தொடங்கினார். எரிந்துபோன இறைப்பு மோட்டரின் செப்புக் கம்பியைக் கழற்றி, மீனாம்பிகையின் தையல் மெசின் நூற்கட்டையில் சுற்றினார். பால்மாப் பேணிக்குள் அதை நிறுத்தினார். முகாமின் அலை வந்தால் அது நேரே நிலத்துக்குள் இறங்கவேண்டும். மகனுடைய அலை மட்டும் உள்ளே போகவேண்டும். ஒரு சுற்றுக் கூடினால் இரண்டும் உள்ளே. ஒரு சுற்றுக் குறைந்தால் இரண்டும் வெளியே. சரிபார்ப்பதென்றால் முகாம் பேசவேண்டும். அது பேசாத நேரங்களில் திருகாணி முறுக்கியைப் பிடித்தபடி குந்தியிருந்து, "கதையடா, கதையடா" என்று மன்றாடுவார். சோல்டர் சுட்டு வலதுகைப் பெருவிரல் தழும்பாயிற்று. சவரம் செய்வதை விட்டார். மகன் அந்த இரைச்சலுக்கு அடியில் நின்று தினமும் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறான், லியோன் பிழையாகக் கேட்டிருக்கிறான் என்பதை அந்தப் பேணிதான் அவருக்குக் காட்டவேண்டும்.

ஆவணி முதல் கிழமை அது சரிவந்தது. முகாம் கத்திக்கொண்டிருந்த ஒரு பின்னேரம் கடைசித் திருகாணியை இறுக்கினார். கத்தல் தேய்ந்து, தேய்ந்து, இல்லாமற் போயிற்று. மணல் சொரிவது போன்ற ஒரு மெல்லிய இரைவு. அதற்குள் மயிரிழையாக ஒரு தட்டு. மஸ்கற்றில் யாரோ ஒருவர், சென்னையில் யாரோ ஒருவரிடம் மழை விசாரித்துக்கொண்டிருந்தார்.

காதுகவியைக் கழற்றி ஒலிபெருக்கியில் போட்டார். "இஞ்சை வாரும்!" அவர் அப்படிச் சத்தம் போட்டு மீனாம்பிகை கனகாலம் கேட்டதில்லை. அடுப்பிலிருந்ததை இறக்கிவிட்டு ஓடிவந்தார்.

"நல்லாக் கேக்குது, என்ன?"

"ஓம்."

நாலு மணி வந்தது. ஆழ்வாப்பிள்ளை குமிழை மயிரளவு மயிரளவாக நகர்த்தினார். நாலு ஐந்து. நாலு பத்து. நாலரைக்கு மீனாம்பிகை எழுந்து, "நாளைக்கு வருவான்" என்றார்.

அடுத்த நாளிலிருந்து மூன்று மணிக்கே கொடித் துணிகளை மீனாம்பிகைதான் எடுத்தார். கம்பியையும் துடைத்தார். முகம் கழுவித் திருநீறு பூசிக்கொண்டு, குசினிக் கதிரையைத் தூக்கிவந்து பெட்டிக்கு முன்னால் போட்டு இருந்தார். பத்து நாள் இருந்தார். மஸ்கற் வந்தது. பம்பாய் வந்தது. எங்கேயோ ஒரு ஜப்பான்காரன்கூட வந்தான். ஒவ்வொருவரும் முடிக்கும்போது மீனாம்பிகை கணவனின் முகத்தைப் பார்ப்பார். அவர் இல்லையென்று தலையை மெல்ல ஆட்டுவார்.

பதினோராம் நாள் மீனாம்பிகை கேட்டார். "இப்ப அவங்கட சத்தம் இல்லையே. பிறகேன் இவன் வாறானில்லை?"

"வானம் சரியில்லை."

"மஸ்கற்றுக்கு மட்டும் வானம் சரியோ? இவனும் அந்தப் பக்கம்தானே?"

மேசையில் ஆழ்வாப்பிள்ளையின் விரல்கள் அசையாமல் கிடந்தன. மீனாம்பிகை சிறிது நேரம் அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்துபோய்க் குசினிக்குள் இருந்தார். அடுப்பு மூட்டும் சத்தம் கேட்கவில்லை. பாத்திரம் வைக்கும் சத்தம் கேட்கவில்லை. ஆழ்வாப்பிள்ளை போய் எட்டிப் பார்த்தபோது, கழுவாத அரிசியை மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி இருந்தார். மறுநாள் காலையிலும் அப்படித்தான் இருந்தார்.

அன்றைக்குப் பின்னேரம் நாலு மணிக்குக் கால் மணி இருக்க, ஆழ்வாப்பிள்ளை திருகாணிகளைக் கழற்றினார். பால்மாப் பேணியை வயரோடு பிடுங்கி மேசைக்குக் கீழே வைத்தார். சத்தத்தில் ஒரு துளிகூட வழிந்து குறைந்துவிடாதபடி, குறட்டை எடுத்துப் பெட்டி வாசலில் நின்ற டையோட்டுகள் இரண்டையும் நறுக்கினார். கொடியிலிருந்து வரும் வயரை எந்தக் காவலும் இல்லாமல் நேரே பெட்டியில் முறுக்கினார். இனி எந்த நிமிடமும் பெட்டி எரியலாம் என்று அவருக்குத் தெரியும்.

முகாம் பேசத் தொடங்கியது. வீடு முழுக்க அந்தக் கத்தல் நிறைந்தது.

மீனாம்பிகை வாசலில் வந்து நின்றார். "என்ன, திரும்பவும் தொடங்கிட்டாங்களே?"

"ஓம். புதுசா, பெரிசா ஒண்டு பூட்டியிருக்கிறாங்கள்போலை."

"அதுதானே பார்த்தன்" என்றார் மீனாம்பிகை. மடியில் ஒட்டியிருந்த அரிசிமணிகளைத் தட்டிவிட்டார். "உந்தச் சத்தத்துக்குள்ளை பிள்ளை கூப்பிட்டால் எங்களுக்கு எப்பிடிக் கேக்கும்?"

கதிரையை இழுத்துப்போட்டு அவருக்குப் பக்கத்தில் இருந்தார். ஆழ்வாப்பிள்ளை அவருடைய முகத்தைப் பார்க்காமல், கையை நீட்டி, சத்தத்தை இன்னும் கொஞ்சம் கூட்டினார்.