கலப்பைக் கால்

மலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தேன். அக்கா வீட்டு நாய் கொஞ்ச தூரம் கூடவே வந்து, நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது. அக்காவிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மருத்துவர் எழுதிக்கொடுத்த சீட்டை எடுத்து நீட்டியிருப்பாள். இன்னும் இரண்டு வாரம் குதிகாலை மட்டும் ஊன்றி நடக்கவேண்டும் என்று அதில் இருந்தது. ஆனால் அரிசி மில் மேஸ்திரி எனக்காக வைத்திருந்த இடம் அந்த வாரத்தோடு வேறு ஆளுக்குப் போய்விடும்.

என் வலது கால் கட்டைவிரல் பல வருஷமாக அடுத்த விரலின் அடியில் போய்ப் படுத்திருந்தது. அதன் மூட்டு எலுமிச்சம்பழம் அளவுக்கு வெளியே புடைத்திருந்தது. எந்தச் செருப்பு வாங்கினாலும் அந்த இடத்தில் பிளேடால் ஓட்டை போட்டுக்கொள்வேன். கள்ளக்குறிச்சியில் ஓர் ஆஸ்பத்திரியில் எலும்பை வெட்டி நேராக்கிக் கம்பி வைத்தார்கள். ஐந்தாவது வாரம் கம்பியை உருவினார்கள். "ரெண்டு வாரம் கழிச்சு எப்பவும் போல நடக்கலாம்" என்றார் மருத்துவர். எப்பவும் எப்படி நடந்தேன்? அக்கா வீட்டில் உட்கார்ந்து யோசித்து யோசித்துப் பார்த்தேன், பிடிபடவில்லை.

முந்தின நாள் மழையில் குறுக்குப் பாதை சேறாக இருந்ததால் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன். பின்னால் ஆடு ஓட்டிக்கொண்டு வந்த ஒரு பெண் கேட்டாள்.

"அண்ணா, கூட வந்தவரு எங்க?"

"யாரும் வரலியே."

"ரெண்டு பேரு தடம் கீது. ஒருத்தரு நம்மள மாதிரி. இன்னொருத்தரு மிலிட்டரிக்காரரு மாதிரி நேரா வெச்சிக்கினு வராரு."

திரும்பிப் பார்த்தேன். இடது தடம் அகலமாக வெளிப்பக்கம் திரும்பியிருந்தது. வலது தடத்தில் கட்டைவிரல் தனியாக, நேராகப் பதிந்திருந்தது. அது என் காலா என்று ஒரு நொடி சந்தேகம் வந்தது. வலி மட்டும் எனக்குத்தான் இருந்தது. ஆறுகிற வலியா, மறுபடி உடைகிற வலியா என்று பிரிக்கத் தெரியவில்லை.

கச்சிராயபாளையம் வந்து பஸ் பிடித்தேன். மில்லுக்குப் போய்ச் சேர்ந்தபோது மதியம் தாண்டிவிட்டது. அவித்த நெல்லைச் சிமெண்ட் களத்தில் பரப்பியிருந்தார்கள். பாதத்தைத் தூக்காமல் இழுத்துக்கொண்டே நடந்து, நெல்லில் கோடு போட்டுப் போகவேண்டும். அப்போதுதான் வெயில் அடிவரை இறங்கும். என் கோணல் காலுக்குக் கோடு ஆழமாகவும் அகலமாகவும் விழும். மேஸ்திரி அந்தக் காலைக் கலப்பை என்பார்.

"கால் சரியாப் போச்சா?" என்று கேட்டார்.

"போச்சுங்க" என்று சொல்லிவிட்டுக் களத்தில் இறங்கினேன்.

இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை போய்த் திரும்பிப் பார்த்தேன். இடது கால் கோடு இருந்தது. வலது பக்கம் நெல் லேசாகக் கலைந்திருந்தது, அவ்வளவுதான். இழுப்பதாக நினைத்துக்கொண்டு தூக்கியிருக்கிறேன். மறுபடி அழுத்தி இழுத்தேன். விரல் மடங்கவில்லை. கண் இருட்டியது.

"இன்னாய்யா, கலப்பைய ஆஸ்பத்திரியிலயே வுட்டுட்டு வந்துட்டியா?"

பக்கத்து வரிசையில் கோடு போட்டுக்கொண்டிருந்த ஒரு பெண் சிரித்தாள். "திட்டாதீங்க மேஸ்திரி. அண்ணன் நெல்லுக்கு நோவாம நடக்குது."

மேஸ்திரி கிட்டே வந்து குனிந்து பார்த்தார். தையல் போட்ட இடம் சிவந்து வீங்கியிருந்தது. "களத்துக்கு நீ வாணாம். காலையில வா" என்றார்.

களத்துக்கு வேண்டாம் என்றால் எதற்கு வரச் சொல்கிறார்? வேலை போனதா, இருக்கிறதா? அன்று ராத்திரி மில் கொட்டகையில் படுத்துக்கொண்டு அதையே திருப்பித் திருப்பி யோசித்தேன்.

காலையில் கையில் ஒரு கோணி ஊசியும் சணல் கண்டும் கொடுத்தார். மூட்டை வாய் தைக்கிற வேலை. காலி சாக்குகளை அடுக்கி, அதன்மேல் காலை நீட்டிக்கொள்ளச் சொன்னார். ஓர் இடத்தில் நாள் முழுக்க உட்கார்ந்து செய்கிற வேலையை அதுவரை நான் செய்ததில்லை. முதல் மூட்டையை இழுத்து மடியோடு சேர்த்துக்கொண்டு ஊசியைக் குத்தினேன்.