கொத்தளத்துக்குள் ஓர் உச்சிப்பொழுது

1996ஆம் ஆண்டு பங்குனி மாதம். பணி ஓய்வு பெற்று ஓராண்டு, மனைவி காலமாகி இரண்டாண்டு. மகன் வெளிநாட்டில். திருநெல்வேலி வீட்டில் ஞாயிற்றுக்கிழமைகளைக் கழிக்க வழி தெரியாமல், தாமிரபரணிக் கரையோரம் இடிந்து கிடக்கும் பழைய கோட்டைச் சுவர்களைத் தேடிப் போகத் தொடங்கினேன். சுவர்கள் நலம் விசாரிப்பதில்லை. அந்த நாகரிகம் எனக்குப் பிடித்திருந்தது.

அன்று போனது சேரன்மகாதேவிக்கு அப்பால் ஒரு சிற்றூர். பாண்டியர் காலத்துக் கோட்டை என்பார்கள். மிஞ்சியிருந்தது வாழைத்தோட்டங்களுக்கும் வயல்களுக்கும் நடுவே நீளும் ஒரு சுவரும், அதன் முனையில் வட்டமான ஒரு கொத்தளமும்தான். சுவரின் மேல் இரண்டு பேர் சேர்ந்து நடக்கலாம். நான் ஒருவனாக நடந்தேன். கொத்தளத்தின் மீது கால் வைத்ததும் தளம் உள்வாங்கியது.

விழுந்த இடம் கிணறு போன்ற ஓர் அறை. வாசலை எந்தக் காலத்திலோ கல் வைத்து அடைத்திருந்தார்கள். கணுக்கால் பிசகியிருந்தது. சுவரில் ஒரு பிளவு. அது வழியாகக் கொஞ்சம் வெளிச்சம்.

காணாமல் போனவரைத் தேடும் நடைமுறை எனக்கு அத்துப்படி. முதலில் யாராவது ஒருவர் மனுக் கொடுக்க வேண்டும். எனக்காக யார் கொடுப்பார் என்று யோசித்தேன். பால்காரர் நினைவுக்கு வந்தார். அவரையும் முந்தின வாரம்தான் வர வேண்டாம் என்று நிறுத்தியிருந்தேன்.

அப்போது வெளியே பேச்சுக்குரல். களையெடுக்க வந்த பெண்கள் சுவர் நிழலில் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள்.

"யாரங்கே? தயவுசெய்து உதவுங்கள்" என்றேன். பேச்சு சட்டென்று நின்றது. சற்றுப் பொறுத்து இன்னொரு முறை கூப்பிட்டேன். தூக்குச்சட்டியை மூடும் ஓசைதான் கேட்டது.

"ஏட்டி, வாயத் தொறக்காத. உச்சி வேளையில முனி கூப்பிடுது. பைய எந்திரி."

"மனுசன் சத்தம் மாதிரில்லா இருக்கு மைனி?"

"மனுசன்னா மூணாந் தரமும் கூப்பிடுவான். இது ரெண்டோட நிறுத்திட்டு பாத்தியா?"

முனியும் பேயும் இரண்டு முறைக்கு மேல் கூப்பிடாது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. எத்தனையோ பேரிடம் அதைக் கேலி செய்திருக்கிறேன். இப்போது காலடிகள் நகரத் தொடங்கியிருந்தன. பிளவில் வாயை வைத்துக் கத்தினேன்: "ஏ தாயி, போயிராதீய!" அலுவலகத்துக்காக நான் எப்போதோ கழற்றி வைத்த பேச்சு, தானாக வந்தது.

காலடிகள் நின்றன.

"யாருவே உள்ள?"

"ஓய்வுபெற்ற தாசில்தாரும்மா."

"தாசில்தாரா? அதுக்கு முனியே தேவலட்டி!"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணீரும் வந்தது.

மற்றவர்கள் ஏணி எடுத்துவர ஓடினார்கள். மூத்தவள் பிளவருகே உட்கார்ந்துகொண்டாள்.

"பயப்படாதீய அண்ணாச்சி. வீட்டுல தேடுவாவள்லா?"

"வீட்டில் யாரும் இல்லை."

"அப்பம் பேசிக்கிட்டே இரும். நீரு பேசலைன்னா எனக்குப் பயமா இருக்கு" என்றாள். பிறகு அவளே, பட்டா மாற்ற யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டாள். ஒவ்வொன்றாகச் சொன்னேன்.

"ஆபீசுல ஒருத்தரும் இம்புட்டுப் பொறுமையாச் சொன்னதில்ல. குழிக்குள்ள தள்ளுனாத்தான் சொல்லுவீய போல!"

ஏணி வந்தது. தூக்கிவிட்டு, மோர் கொடுத்து, பேருந்தில் ஏற்றிவிட்டார்கள்.

அதுவரை யாரையும் இரண்டு முறைக்கு மேல் கூப்பிட்டவன் இல்லை நான். வராவிட்டால் விருப்பமில்லை என்று முடிவுகட்டி ஒதுங்கிவிடுவேன். இன்றும் தனியாகத்தான் இருக்கிறேன். ஆனால் மகன் தொலைபேசியை எடுக்காத நாட்களில் மூன்றாவது முறையும் அழைக்கிறேன். இந்தப் பக்கம் இருப்பது மனிதன்தான் என்று அவனுக்குத் தெரிய வேண்டாமா?